மையில்லாத முத்திரைக்கு என்ன சொல்?

கிளிநொச்சியிலிருந்து:
அமெரிக்க மாநிலமொன்றிலிருந்து காணி அற்றோணித் தத்துவம் (காணி அலுவலைத் தனக்காகப் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒன்று வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்ப்புக் கொடுக்கவேணும். முன்னால் மாநிலச் செயலாளரின் சான்று. அதில் மையே இல்லை, தாளை நெரித்து எழுப்பிய முத்திரை. இறப்பர் முத்திரை வேறு, இது வேறு. போட்டோக்கொப்பியில் சரியாக விழாது. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தால் எழுத்துத் தெரியும் (மூலத்தில் தேய்க்கக்கூடாது). இப்போதைக்கு 'புடைப்பு முத்திரை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

வவுனியாவிலிருந்து:
'முத்திரை' வடசொல். எங்கட சனத்துக்கு அது தபால் முத்திரையும்தான். 'பொறி' இருக்க அது ஏன்? பட்டினப்பாலையில் சுங்கம் கொள்வோர் பொதிகளில் புலி பொறித்தே வெளியே விடுகிறார்கள். சிலம்பில் மாதவியின் ஓலையைப் பிரிக்கமுன்னமே, கூந்தல் ஒற்றிய 'மண்பொறி'யின் (மண்ணில் இட்ட முத்திரையின்) நெய்வாசம் அது யாருடையதென்று கோவலனுக்கு உணர்த்திவிடுகிறது. உள்ளே இருப்பதைப் படியாமல் அனுப்பியவரை உறுதிசெய்வதுதானே மாநில முத்திரையின் வேலையும்! 'புடைபொறி' என்போம்.

முல்லைத்தீவிலிருந்து:
ரீச்சர், கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பத்திரத்தில் உள்ளது உண்மை என்று மாநிலம் சொல்வதில்லை. பத்திரத்தை அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசின் கையொப்பத்தையும் பதவியையும் தன் பதிவுகளோடு ஒப்பிட்டு, கையொப்பம் அவருடையது, அவர் அன்று பதவியில் இருந்தார் என்று மட்டும் சொல்கிறது. நியூயோர்க்கில் இடையில் கவுண்டி கிளார்க்கின் (மாவட்டம் போன்ற பிரிவின் பதிவு அதிகாரியின்) சான்றும் வேணும். வெளிநாட்டுப் பத்திரங்களை ஏற்பது பற்றிய 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டுக்கென்றால் அப்போஸ்தில் என்ற ஒரே சான்று, அதோடு முடிந்தது. சேராத நாட்டுக்கு வேறு சான்று, பிறகு வாஷிங்டனில் வெளியுறவுத் திணைக்களம், பிறகு அந்த நாட்டின் தூதரகம். ஆகவே சான்றின் மொழிபெயர்ப்புத் தலைப்பில் 'ஆவண உறுதிச் சான்று' என்று போடவேண்டாம். காணி விபரம் சரியென்று மாநிலமே சொன்னதாகச் சனம் எடுக்கும். 'கையொப்ப உறுதிச் சான்று' என்று போடுங்கோ. 'பொறி'க்கு நான் உடன்படேன். கந்தோரில் அந்தச் சொல்லுக்கு எலிப்பொறிதான் ஞாபகம் வரும்.

மாங்குளத்திலிருந்து:
'கையொப்பம்' என்பதிலேயே ஒப்பு நிற்கிறது: ஒத்துப் பார்ப்பதற்கென்றே இடுவது. அப்படியிருக்க 'உறுதி' எதற்கு? 'ஒப்பச் சான்று' போதும். இன்னொன்று: ஸ்கான் பண்ணவென்று கம்பிப்பின்னைக் கழற்றிவிடாதேங்கோ. சான்று பத்திரத்தை விட்டுப் பிரிந்தால் ஏற்கமாட்டார்கள்.

கிளிநொச்சியிலிருந்து:
'ஒப்பச் சான்று' என்றால் இங்கே ஒப்பந்தம் என்று வாசிப்பார்கள். ஆகவே 'புடைப்பு முத்திரை', 'கையொப்ப உறுதிச் சான்று' என்றே எடுக்கிறேன். அப்படியே கொடுக்கிறேன்.

வவுனியாவிலிருந்து:
வெள்ளிக்கிழமைக்காக விடுகிறேன். ஆனால் 'முத்திரை குத்து' என்றால் எவரும் மையைத்தான் நினைப்பார். கல்லிலும் தகட்டிலும் இன்றைக்கும் பொறிக்கத்தான் செய்கிறோம். சொற்பட்டியலில் 'புடைபொறி'யையும் பக்கத்தில் போடுங்கோ.