அவசரம்: படகில் பில்ஜ் பம்ப் ஓடவில்லை, எல்லாம் பார்த்துவிட்டேன்

பாம்பன்_வாடை · மாலை 6.42
அண்ணன்மாரே, அவசரம். பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைப்பது) ஓடவில்லை. நேற்று வரை ஓடியது. பியூஸ் நன்றாக இருக்கிறது. பேட்டரி புதிது. கரண்ட் வருகிறது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். மழை கொட்டுகிறது, ராத்திரி படகில் ஆள் தங்கப் போவதில்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

அணியத்துக்காரன் · 6.49
என்ன படகு தம்பி? ஃபைபரா, மரமா? பம்ப் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? தண்ணீர் ஏறினால் தானாகப் பம்ப்பைப் போடும் ஃப்ளோட் சுவிட்ச் இருக்கிறதா, இல்லை கையால் போடுவது மட்டுமா? சுவிட்ச் போட்டால் ஒரு சின்ன 'டிக்' சத்தமாவது வருகிறதா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

தங்கூசி_மன்னன் · 6.53
யோசிக்கவே வேண்டாம், தங்கூசிதான், மீன்பிடி நைலான் நூல். பம்ப்பின் அடியில் இருக்கும் கூடையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சுற்றும் விசிறியில் ஒரு முழம் தங்கூசி சுற்றியிருக்கும். எங்கள் படகில் மூன்று தடவை இப்படித்தான் ஆயிற்று. ஒரு தடவை செதிலும் தங்கூசியும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிப் போய், கத்தியால் அறுத்து எடுத்தோம்.

மிதவை_மாமா · 6.58
ஃப்ளோட் சுவிட்ச் போயிருக்கும். பத்தில் ஒன்பது அதுதான். கையால் தூக்கிப் பார்த்தீர்களா? ஆயிலும் சேறும் ஒட்டிக்கொண்டால் மிதவை எழும்பவே எழும்பாது.

வோல்ட்_வாத்தியார் · 7.05
"மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன்" என்றால் எனக்கு என்ன விளங்கும்? எங்கே வைத்தீர்கள்? பம்ப்பை இணைத்து வைத்தா, கழற்றி வைத்தா? எத்தனை வோல்ட்? டாக்டரிடம் போய் "உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருக்கிறது" என்று சொல்வது போல இருக்கிறது. போன தடைக்காலத்தில் இதையே நான் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறேன். தேடிப் படிக்கிற பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. பேட்டரி போய்விட்டது, அவ்வளவுதான். புதிது என்று கடைக்காரன் சொல்லத்தான் செய்வான்.

பாம்பன்_வாடை · 7.21
மர விசைப்படகு. பம்ப்பில் 1100 என்று போட்டிருக்கிறது, 12 வோல்ட். மீட்டரில் 12.6 காட்டியது, பம்ப் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த முனையில் பார்த்தேன். ஃப்ளோட்டைக் கையால் தூக்கினேன், ஒன்றுமில்லை. ஃப்ளோட்டை விட்டுவிட்டு சுவிட்சை நேராகப் போட்டாலும் ஒன்றுமில்லை, சத்தமே இல்லை. பம்ப்பைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து பைக் பேட்டரியில் வைத்தேன், சீறிக்கொண்டு ஓடுகிறது. திரும்பப் படகில் வைத்தால் செத்த மாதிரி கிடக்கிறது.

அணியத்துக்காரன் · 7.24
பைக் பேட்டரியில் ஓடுகிறது என்பதை முதலிலேயே சொல்லக் கூடாதா தம்பி! அதுதானே பாதிப் பதில்.

தங்கூசி_மன்னன் · 7.26
அப்படியென்றால் தங்கூசி இல்லைதான். இருந்தாலும் கூடையை ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

உப்புக்கரை · 7.38
தம்பி, பம்ப்பும் நல்லது, பேட்டரியும் அநேகமாக நல்லது. நடுவில் ஒயரில் எங்கோ இணைப்பு அரித்திருக்கிறது. 12.6 காட்டியதை வைத்து ஏமாந்துவிட்டீர்கள்.

மீட்டர் ஒரு சொட்டுக் கரண்ட்தான் எடுக்கும். பம்ப் குடம் குடமாகக் கேட்கும். அரித்துப்போன இணைப்பில் சொட்டு வரும், குடம் வராது. கணக்குப் போட்டே பார்க்கலாம். நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரித்த இணைப்பில் 3 ஓம். மொத்தம் 4 ஓம், ஓடுவது 3 ஆம்பியர் சொச்சம். அப்படியென்றால் பம்ப்புக்குக் கிடைப்பது 3 வோல்ட்தான். அதில் அது அசையாது. பியூஸும் போகாது, ஏனென்றால் 3 ஆம்பியருக்கு அது ஏன் போகப் போகிறது? பம்ப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் மறுபடியும் 12.6 காட்டும். ஒயர் அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் 'பீப்' சத்தம் வைத்துச் சோதிப்பதும் இதே கதைதான். பத்தொன்பது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும்.

செய்ய வேண்டியது இது. பம்ப்பை இணைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ப்ளஸ்ஸில் வையுங்கள், மறுமுனையை பம்ப்புக்குப் போகும் ப்ளஸ் ஒயரில். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்தப் பக்கம்தான் கோளாறு. அப்புறம் அதையே மைனஸ் பக்கமும் செய்யுங்கள். பலரும் மைனஸை விட்டுவிடுவார்கள். அதுதான் அடியில் தண்ணீரிலேயே கிடக்கும்.

மீட்டர் குழப்பினால், கார் ஹெட்லைட் பல்பு ஒன்று எடுங்கள். 12 வோல்ட் 55 வாட், நாலரை ஆம்பியர் எடுக்கும், உங்கள் பம்ப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான் எடுக்கும். பம்ப் இருக்கும் இடத்தில் அதை இணைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் ஒயர் நல்லது. மின்மினி மாதிரி எரிந்தால் நான் சொன்னதுதான்.

கலப்பத்து_தாத்தா · 7.51
எல்லாரும் பம்ப்பையே பார்க்கிறீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மரப்படகு, வாடைக்காற்று தொடங்கிவிட்டது, மழைத்தண்ணீர் மட்டும்தானா? ப்ரொப்பல்லர் சாஃப்ட் படகைத் துளைத்து வெளியே போகிற இடத்தில், தண்ணீரைத் தடுக்கும் பேக்கிங்கைப் பாருங்கள். சாஃப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாக விழுவது சரி. படகு நிற்கும்போதும் ஒழுகினால் இறுக்க வேண்டும். பலகை இடுக்கில் கசிந்தால் கலப்பத்து (இடுக்கில் பஞ்சு அடைக்கும் வேலை) போன தடவை யார் பார்த்தார், பஞ்சு ஒழுங்காக ஏறியதா என்று கேளுங்கள். எங்கள் காலத்தில் கரண்ட் பம்ப் ஏது? இன்ஜினில் பெல்ட் பம்ப், இல்லாவிட்டால் ஆள் இறங்கிக் கோரி ஊற்றுவது. படகு முழுகவில்லை.

மிதவை_மாமா · 7.55
தாத்தா, பெல்ட் பம்ப் இன்ஜின் ஓடினால்தானே ஓடும்? ராத்திரி நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு யார் இன்ஜின் போடுவது? அதற்காகத்தானே ஃப்ளோட் சுவிட்ச்.

கலப்பத்து_தாத்தா · 7.58
ஆள் தங்க வேண்டும் என்கிறேன்.

பாம்பன்_வாடை · 8.06
சாஃப்ட் ஒழுகவில்லை தாத்தா, மழைத்தண்ணீர்தான். பல்பு தேடுகிறேன். இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று, பேட்டரி இரண்டு இருக்கிறது. ஸ்டார்ட்டருக்கு 24. பம்ப்புக்கு மட்டும் ஒரு பேட்டரியிலிருந்து 12 எடுத்திருக்கிறோம். அதனால் ஏதாவது இருக்குமா?

வோல்ட்_வாத்தியார் · 8.10
வந்துவிட்டது பாருங்கள், குடத்துக்குள்ளிருந்து பூதம். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டு பேட்டரியைத் தொடராகப் போட்டு ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பது தப்பு. ஆல்டர்னேட்டர் மொத்தமாக 28 வோல்ட் கொடுக்கும். அது இரண்டுக்கும் பாதிப்பாதியாகப் போகும் என்று நினைக்கிறீர்கள். பம்ப் உறிஞ்சிய பேட்டரி எப்போதும் பசியோடு இருக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். இரண்டும் வருடம் தாங்காது. நான் சொன்னேனே, பேட்டரி போய்விட்டது என்று.

அணியத்துக்காரன் · 8.14
வாத்தியாரே, அவர் 12.6 என்கிறார். செத்த பேட்டரி 12.6 காட்டுமா? நானும் ஆறு வருடமாகக் கூண்டு லைட்டும் பம்ப்பும் அப்படித்தான் எடுக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

வோல்ட்_வாத்தியார் · 8.17
ஆறு வருடத்தில் எத்தனை பேட்டரி மாற்றினீர்கள்?

அணியத்துக்காரன் · 8.18
மூன்று. ஆனால் அது வேறு காரணம்.

வோல்ட்_வாத்தியார் · 8.19
:)

உப்புக்கரை · 8.25
வாத்தியார் சொல்வது கொள்கை அளவில் சரி. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடலாம், இல்லாவிட்டால் பம்ப்புக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி. அதைவிட எளிது, அடுத்த முறை 24 வோல்ட் பம்ப்பாகவே வாங்குவது. ஆனால் இன்றைக்கு ராத்திரி அந்தத் தம்பியின் பம்ப் ஓடாததற்கு அது காரணமில்லை. ஒன்று மட்டும் பாருங்கள் தம்பி, 12.6 எடுத்தது பம்ப் மாட்டியிருக்கும் பேட்டரியிலா, பக்கத்துப் பேட்டரியிலா?

சென்னை_ஃபைபர் · 8.31
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 1100 என்றால் மணிக்கு 1100 லிட்டரா?

உப்புக்கரை · 8.36
கேலன். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், அதனால் மணிக்கு ஏறத்தாழ 4,160 லிட்டர். ஆனால் அது குழாயே மாட்டாமல், மேலே ஏற்றாமல் வெளியே விட்டால் வரும் கணக்கு. ஒன்றரை மீட்டர் ஏற்றி, வளைவு நெளிவான குழாய் வழியாக விட்டால் நிறையக் குறையும். பேட்டரி இறங்க இறங்க இன்னும் குறையும். எண்ணைப் பார்த்து நம்பிப் படகை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தங்கூசி_மன்னன் · 8.40
நெளிவுக் குழாயில் தங்கூசி மாட்டினால் இன்னும் குறையும்.

கடலூர்_மின்பணி · 8.52
ஒயர் என்ன ஒயர் போட்டிருக்கிறார் என்று கேட்கவில்லையே? வீட்டு ஒயர் போட்டிருந்தால் ஒரு மழைக்காலம்தான். உள்ளே வெறும் செம்பு. உப்புத்தண்ணீர் முனையில் புகுந்து ரப்பருக்குள்ளேயே ஏறிப் போகும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளக்கும், உரித்தால் உள்ளே கறுத்திருக்கும். வெள்ளீயம் பூசிய கம்பி வேண்டும்.

அணியத்துக்காரன் · 8.55
அது விலை ரொம்ப அதிகம். இங்கே யார் போடுகிறார்கள்?

கடலூர்_மின்பணி · 8.57
படகு விலை என்ன?

அணியத்துக்காரன் · 8.58
நீங்கள் வாங்கித் தருகிறீர்களா?

கலப்பத்து_தாத்தா · 9.02
பம்ப் ஓடினால் அடியில் இருக்கும் ஆயிலையும் சேர்த்துக் கடலில் தள்ளிவிடும், அதையும் சொல்லுங்கள். மீனில் ஆயில் வாடை அடிக்கிறது என்று பிறகு புலம்புவீர்கள். இன்ஜினுக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

பாம்பன்_வாடை · 9.47
கிடைத்துவிட்டது. பல்பு ப்ளஸ்ஸில் சரியாக எரிந்தது, அப்புறம் மைனஸ், அதாவது கறுப்பு ஒயரில் வைத்தால் மங்கல். இன்ஜின் மேடைக்குக் கீழே கறுப்பு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் பச்சைப் பொடி கொட்டியது, ஒயர் கையோடு வந்துவிட்டது. பேட்டரி மைனஸிலிருந்து நேராகப் புது ஒயர் இழுத்தேன், ஓடுகிறது. வீட்டு ஒயர்தான், வேறு கிடைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

உப்புக்கரை · 9.53
நல்லது. புது ஒயரில் நடுவில் இணைப்பே இல்லாமல் போட்டீர்களா? பம்ப்போடு வரும் ஒயர் குட்டை, ஒரு இணைப்பு கட்டாயம் வரும். அதைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டிவையுங்கள். நாளைக்கு முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் செய்து (உலோக இணைப்பில் நுழைத்து அழுத்தி இறுக்கி), உள்ளே பசை இருக்கும், சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்கி மூடிவிடுங்கள். பியூஸ் ப்ளஸ் பக்கம் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா?

மிதவை_மாமா · 9.58
ஃப்ளோட்டைத் தூக்கினால் தானாக ஓடுகிறதா என்று பார்த்தீர்களா? சுவிட்ச் போட்டு ஓட்டிவிட்டுப் போனால் தண்ணீர் தீர்ந்த பிறகும் சும்மா ஓடி பேட்டரியைக் குடித்துவிடும்.

வோல்ட்_வாத்தியார் · 10.04
மங்கலாக எரிந்தது என்றால் வோல்ட் இழப்பு. நான் முதலிலேயே எங்கே அளந்தீர்கள் என்று கேட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

அணியத்துக்காரன் · 10.06
பேட்டரி போய்விட்டது என்றும் முதலிலேயே சொன்னீர்கள் வாத்தியாரே. அதைக் கவனித்தோம்.

மிதவை_மாமா · மறுநாள் காலை 6.10
தம்பி, ஃப்ளோட்?

மிதவை_மாமா · மறுநாள் மாலை 5.30
படகு மிதக்கிறதா என்றாவது சொல்லுங்கள்.

தோணித்துறை · மூன்று வாரம் கழித்து
எனக்கும் இதே பிரச்சினை. பம்ப் வேலை செய்யவில்லை. சத்தம் நன்றாக வருகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. எல்லாம் சரிபார்த்துவிட்டேன். அவசரம்.

உப்புக்கரை · 
உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. இவருடையது சத்தமே வராமல் கிடந்தது. ப்ளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தால் மோட்டார் திருப்பிச் சுற்றும், சத்தம் வரும், தண்ணீர் ஏறாது. இல்லாவிட்டால் குழாய் நடுவில் தொங்கி, தண்ணீர் தேங்கி, காற்று அடைத்திருக்கும். குழாய் எங்கும் இறங்காமல் மேல்நோக்கியே போக வேண்டும். எத்தனை வோல்ட் பம்ப்? எத்தனை ஒயர் வருகிறது, என்ன நிறம்? குழாய் வெளியே வரும் இடம் கடல்மட்டத்துக்கு மேலேயா, கீழேயா?

தங்கூசி_மன்னன் ·
கூடையைக் கழற்றிப் பார்த்தீர்களா?