கலைச்சொல் தேவை: ‘லாங் ரேஞ்ச்’ தூண்டில் பயணம், ‘சார்ட்டர் மாஸ்டர்’

ஆசிரியை, சான் டியேகோ:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளி ஆண்டுமலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உயர்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி, அப்பாவோடு போய்வந்த எட்டு நாள் மீன்பிடிப் பயணத்தை அருமையாக எழுதியிருக்கிறாள். ‘லாங் ரேஞ்ச்’, ‘சார்ட்டர் மாஸ்டர்’ இரண்டும் பத்திக்குப் பத்தி வருகின்றன. அப்படியே விட எனக்கு மனமில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பாயிண்ட் லோமா துறையிலிருந்து இருபது முப்பது தூண்டில்காரர்களை ஏற்றிக்கொண்டு பெரிய படகுகள் தெற்கே மெக்சிகோக் கடலுக்குப் போகின்றன. ஒரு வாரம், பத்து நாள், சில பயணங்கள் இரண்டு வாரத்துக்கும் மேல். படுக்கை, சமையல், மீன் கெடாமலிருக்கக் குளிர்நீர்க் கிடங்கு எல்லாம் படகிலேயே உண்டு. வலை கிடையாது, ஆளுக்கொரு தூண்டில்தான். புறப்படும்போதே வளைகுடாவில் மிதக்கும் இரைக்கூண்டுகளில் உயிருள்ள மத்தியை வாங்கித் தொட்டிகளில் நிரப்பிக்கொள்வார்கள். படகு முழுவதையும் ஒரே குழு வாடகைக்கு எடுத்தால், ஆள் சேர்த்து, பணம் திரட்டி, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்பவர் சார்ட்டர் மாஸ்டர்.

‘நெடுந்தொலைவு விளையாட்டு மீன்பிடிப்புப் பயணம்’ என்று எழுதிப் பார்த்தேன். வாசித்தால் மூச்சு வாங்குகிறது. வியாழன் இரவுக்குள் சொல் வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து:

டீச்சர், இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. எங்கள் கரையில் அன்றன்று போய்த் திரும்புவது ஒன்று, கடலிலேயே தங்கிப் பிடித்து வருவது இன்னொன்று. இரண்டாவதற்குத் தங்குகடல் என்று பெயர். செய்தித்தாளிலும் அதே சொல்தான் வருகிறது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் லட்சத்தீவையும் தாண்டி வாரக்கணக்கில் தங்கல் போகிறார்கள். ‘தங்கல்’ என்று எழுதுங்கள். கடலோரத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கோவையிலிருந்து:

தங்கல் நல்ல சொல்தான். ஆனால் அதில் தங்குவது இருக்கிறதே தவிர மீன் இல்லை. சத்திரத்திலும் தங்கலாம். நம்மிடம் ‘வேட்டம்’ இருக்கும்போது ஏன் வேறு தேட வேண்டும்? நற்றிணை நெய்தல் பாட்டு ‘வேட்டம் பொய்யாது வலைவளம் சிறப்ப’ என்கிறது. பரதவர் கடலுக்குப் போவதையே வேட்டம் என்றார்கள். நெடுமை சேர்த்தால் ‘நெடுவேட்டம்’.

இன்னொரு வசதியும் உண்டு. வேள் என்பது விரும்புதலைக் குறிக்கும் வேர். வேட்கை, வேட்டல், வேட்டம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஆக, விருப்பத்தால் செய்வது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘விளையாட்டு’ என்று தனியாக ஒட்ட வேண்டாம்.

பெங்களூரிலிருந்து:

ஐயா, வேட்கையும் வேட்டையும் ஒரே வேர் என்று சொல்ல ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. வேள்வியையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பீர்களா? வேட்டம் அழகான சொல், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று அதைக் கேட்கும் குழந்தைக்கு யானையும் புலியும்தான் தோன்றும்.

கோவையிலிருந்து:

வேள்வியையும் சேர்ப்பேன். விரும்பிச் செய்யும் சடங்கு அது. வேண்டு, வேண்டுதல் என்று இன்னும் விரித்து எழுத முடியும், ஞாயிற்றுக்கிழமை தனி மடலாக அனுப்புகிறேன். குழந்தைக்குத் தோன்றாத பொருளைக் கற்றுக்கொடுக்கத்தானே பள்ளி நடத்துகிறோம்?

லாங் பீச்சிலிருந்து:

நான் இந்தப் படகுகளில் போகிறவன், அந்த முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, நற்றிணை வரியிலேயே வலை இருக்கிறது. எங்களிடம் வலை இல்லை என்பதுதான் இந்தப் பயணத்தின் உயிர்.

இரண்டாவது, தங்கல் மட்டும் பிரித்துக் காட்டாது. இங்கே ஒன்றரை நாள், மூன்று நாள் பயணங்களிலும் கடலில்தான் உறங்குகிறோம், ஆனால் அவற்றை யாரும் லாங் ரேஞ்ச் என்பதில்லை. அந்தப் பெயர் வருவதற்குக் காரணம் ஓட்டம். மெக்சிகோக் கடலில் உள்ள அலிஹோஸ் பாறைகளுக்குப் போகவே 450 கடல் மைலுக்கு மேல் ஓட வேண்டும். ‘ஹரிக்கேன் பாங்க்’ என்ற கடலடி மேடு ஏறத்தாழ 950 கடல் மைல். மணிக்குப் பத்துக் கடல் மைல் ஓடினாலும் போகவே நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளும் யாரும் சும்மா இருப்பதில்லை. முடிச்சுப் போடுவார்கள், தூண்டில் நூல் சுற்றும் சுழலிக்கு நூல் மாற்றுவார்கள், பழைய ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பயணத்தில் அந்த ஓட்டமும் ஒரு பகுதி.

முன்பு மெக்சிகோவின் ரெவியாஹிஹேதோ தீவுகளுக்குத்தான் நீண்ட பயணங்கள் போகும். 1977இல் அவற்றில் ஒன்றான சான் பெனெதிக்தோ தீவருகே தூண்டிலில் விழுந்த மஞ்சள் துடுப்புச் சூரை (டூனா) 388 பவுண்டு 12 அவுன்சு. முப்பது ஆண்டுக்கும் மேல் அதுவே உலகச் சாதனையாக இருந்தது. 2017இல் மெக்சிகோ அந்தத் தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அமைத்து மீன்பிடிப்பை முழுவதும் தடை செய்தது. சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் படகுகள் போகும் வழியே மாறிவிட்டது. 200 பவுண்டைத் தாண்டிய சூரையை இங்கே ‘பசு’ என்பார்கள். அதைத் தேடி இப்போது ஹரிக்கேன் பாங்க் வரை போகிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணே, கடலடி மேடு என்று ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? அதற்குப் பெயர் பார். முத்துப்பார் என்று கேட்டதில்லையா? ‘ஹரிக்கேன் பார்’ என்று எழுதலாம். பெரிய சூரையைப் பசு என்பது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. மஞ்சள் துடுப்பை எங்கள் பக்கம் கேரை என்பார்கள். ‘பெருங்கேரை’ என்றால் என்ன குறை?

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம் ரீச்சர். எங்கள் பக்கத்தில் பலநாள் படகு, பலநாள் கலன் என்பவை அரசாங்கப் படிவம் வரைக்கும் வழங்கும் சொற்கள். ‘பலநாள் தூண்டில் பயணம்’ என்று எழுதினால் நெடுந்தீவிலிருந்து நியூயோர்க் வரை எல்லோருக்கும் விளங்கும். சங்கச் சொல்லை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் பிள்ளை எழுதிய கட்டுரையை அவளின் அம்மம்மா வாசிக்க வேண்டும்.

ஆசிரியை, சான் டியேகோ:

எல்லோருக்கும் நன்றி. ‘விளையாட்டு’ என்பதைப் பற்றி ஒருவரும் முடிவு சொல்லவில்லையே? மாணவியிடம் கேட்டேன். “அப்பா விளையாடப் போகலை டீச்சர், ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடிச்சா எழுந்து ஓடுறார்” என்றாள்.

லாங் பீச்சிலிருந்து:

அவள் சொல்வது சரி. பிடித்ததை விற்க முடியாது என்பதே இதற்கு வரையறை. மெக்சிகோ விதிப்படி ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து மீன், அதிலும் ஒரே இனம் ஐந்துக்கு மேல் கூடாது. விற்காத மீன்பிடிப்பு, அவ்வளவுதான். ‘பொழுதுபோக்கு’ என்றாலும் தவறு. கிழவர் ஒருவர் தொடை நடுங்க மூன்று மணி நேரம் ஒரே மீனோடு நிற்பதைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை எழுத மாட்டார்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

அப்படியானால் ‘தூண்டில்’ என்ற சொல்லே போதும். ஆனால் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் ஆட்கள் அதே சூரைக்காக வாரக்கணக்கில் உப்புக்காற்றில் கிடக்கிறார்கள். அவர்கள் செய்வதற்கும் இதற்கும் ஒரே சொல்லை வைத்தால், கேட்பவர் எதை நினைப்பார்? தங்கல் என்று நானே முதலில் சொன்னேன். இப்போது யோசித்தால், அந்தச் சொல்லில் எங்களுக்கு இருக்கும் பாடு கரைந்துபோகுமோ என்று தோன்றுகிறது.

பெங்களூரிலிருந்து:

தம்பி சொல்வது முக்கியமானது. ஆனால் சொல்லைப் பகிர்வதால் அது தேயாது. சான் டியேகோவிலும் முதலில் இருந்தவை பிழைப்புப் படகுகள்தான். மூங்கில் கழியோடு, உயிர் இரையை வீசி, சூரையை மேலே வரவழைத்துப் பிடித்தார்கள். நம் மினிக்காய்த் தீவிலும் இதே முறை உண்டு. இந்த விருப்பப் பயணம் அந்தத் தொழிலிடம் கற்றது. சொல்லும் அதே வழியில் போகட்டும்.

கோவையிலிருந்து:

சார்ட்டர் மாஸ்டரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். என் பரிந்துரை ‘சாத்துத்தலைவர்’. சாத்து என்றால் சேர்ந்து போகும் வணிகர் கூட்டம். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரே சான்று. சார்ட்டர், சாத்து, ஒலியும் எவ்வளவு நெருங்குகிறது பாருங்கள்.

பெங்களூரிலிருந்து:

ஐயா, சாத்து வடமொழி ‘சார்த்த’ என்பதிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கொள்கை. தூய்மைக்காக நீங்கள் கொண்டுவந்த சொல் இது! கடலுக்குத்தான் வேண்டுமென்றால் கண்ணகியின் தந்தை மாநாய்கன் அல்லவா பொருத்தம்? கப்பலோட்டியைக் குறிக்கும் நாவிகன் நாய்கன் ஆனான் என்பார்கள். அதுவும் வடக்கேதான் போகும்.

கோவையிலிருந்து:

வடசொல்லானால் என்ன, வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்துவிட்டது, அதாவது வட எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தில் அமைந்துவிட்டது. தொல்காப்பியரே இடம் கொடுத்தவர். நான் மறுப்பது சோம்பலால் எடுக்கும் கடனைத்தான்.

லாங் பீச்சிலிருந்து:

‘தலைவர்’ வேண்டாம். படகில் முடிவு எடுப்பவர் கேப்டன். எங்கே போவது, எப்போது நங்கூரம் இறக்குவது எல்லாம் அவர் கையில். சார்ட்டர் மாஸ்டர் இடங்களை நிரப்புவார், அறைகளுக்குச் சீட்டுக் குலுக்குவார், தூண்டில் கடைகள் தரும் பரிசுகளைப் பங்கிடுவார். ஓடும் படகின் பின்னால் யார் எப்போது தூண்டில் இழுப்பது என்ற முறையைச் சண்டை வராமல் பார்த்துக்கொள்வார்.

தூத்துக்குடியிலிருந்து:

வேன் பேசுகிறோம், வண்டி பேசுகிறோம் இல்லையா? திருச்செந்தூருக்கு வேன் பேசிப் போனோம் என்றால் முழு வேனும் நமக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி ‘படகு பேசிய குழு’, ‘படகு பேசியவர்’.

யாழ்ப்பாணத்திலிருந்து:

‘வான் பிடிச்சுப் போறது’ என்போம் நாங்கள். பேசியதும் விளங்குகிறது, நல்லாய் இருக்கிறது.

கோவையிலிருந்து:

இது சொற்றொடர், கலைச்சொல் அன்று.

பெங்களூரிலிருந்து:

பேசியவர் வினையாலணையும் பெயர். முழுமையான பெயர்ச்சொல்தான், ஐயா.

கோவையிலிருந்து:

வினையாலணையும் பெயர் காலம் காட்டும். அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு ஆள் சேர்ப்பவரை என்ன சொல்வீர்கள், பேசுபவர் என்றா, பேசப்போகிறவர் என்றா? கலைச்சொல் காலத்துக்குக் கட்டுப்படக் கூடாது. ஆளர் விகுதி சேர்த்தால் பேச்சாளர் ஆகி மேடை ஏறிவிடும். அதனால்தான் சாத்துத்தலைவர் என்றேன்.

ஆசிரியை, சான் டியேகோ:

வியாழன் இரவு பதினொன்று ஆகிவிட்டது, பக்கங்களை அனுப்ப வேண்டும். ‘தங்கல்’ என்ற அடிச்சொல்லுக்கு மூன்று பேர், ‘வேட்டம்’ என்பதற்கு ஒருவர், ‘பலநாள்’ என்பதற்கு ஒருவர். லாங் பீச் நண்பர் சொன்ன ஓட்டமும் தெரிய வேண்டும் என்பதால் ‘நெடுந்தங்கல்’ என்று முடித்திருக்கிறேன். முதல் இடத்தில் ‘நெடுந்தங்கல் தூண்டில் பயணம்’, பிறகு நெடுந்தங்கல் மட்டும். சார்ட்டர் மாஸ்டருக்குப் ‘படகு பேசியவர்’. காலம் பற்றிய மறுப்பு சரியானதே, ஆனால் அவள் எழுதுவது நடந்து முடிந்த பயணம். பசுவை அவள் விட மறுத்துவிட்டாள், மேற்கோள் குறிக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நல்லது ரீச்சர். எங்கள் மாணவர்களுக்கு நான் பலநாள் என்றே சொல்லிக்கொடுப்பேன்.

தூத்துக்குடியிலிருந்து:

மலர் வந்ததும் ஒரு படி அனுப்புங்கள். எங்கள் சங்கத்துப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டி, நெடுந்தங்கல் அவர்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் நானும் மாறிவிடுவேன்.

கோவையிலிருந்து:

பள்ளி மலருக்கு எதுவும் ஆகலாம். குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது ‘நெடுவேட்டம்’ என்பதையும் பக்கத்தில் எழுதி, ஒருவர் உடன்படவில்லை என்று குறிக்க வேண்டும். வேள் பற்றிய மடல் ஞாயிறன்று வரும்.