பின் ஆக்ஸில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (அவசரம்)

கூரைவேலை: வணக்கம். என் பிக்கப்பின் பின்பக்கம் ஊளையிடுகிறது, 60க்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பழைய வண்டி உடைக்கும் யாட்டில் மூன்று ஆக்ஸில் கிடக்கிறதாம், உன்னுடையது எது என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? திங்கள் ஏணி ஏற்ற வேண்டும், கெதியாகச் சொல்லுங்கோ.

வடக்குவீதி: என்ன வண்டி, எந்த வருடம்?

பனிக்காலம்: ஊளை என்றால் ஆக்ஸிலே இல்லை, சக்கர பேரிங். எனக்கும் இதே சத்தம்தான், பேரிங் மாற்றியதும் நின்றது. வீணாகக் காசு கொட்டாதீர்கள்.

கூரைவேலை: செவர்லே சில்வராடோ 2004.

வடக்குவீதி: 1500ஆ 2500ஆ? 4 வீலா?

பழைய_ஸ்பேனர்: தம்பி, இதைக் கேட்க முதல் குனிந்து ஆக்ஸில் நடுவில் இருக்கும் மூடியைப் பார்த்திருக்கலாம். 10 போல்ட் என்றால் உள்ளே பெரிய கியர் 8.6 அங்குலம், 1500களில் பெரும்பாலும் அதுதான். 14 போல்ட் என்றால் 9.5 அல்லது அதைவிடப் பெரியது. சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் 10.5 அல்லது 11.5. பிறகு டாஷ்போர்டுப் பெட்டியைத் திற. உள்ளே மூன்றெழுத்துக் குறிகள் நிறைந்த ஸ்டிக்கர் இருக்கும். ஜியு6 என்றால் கியர் ரேஷியோ 3.42 (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.42 சுற்று), ஜிடி4 என்றால் 3.73, ஜி80 என்றால் லாக்கர், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது. முதல் நாளே படித்திருக்க வேண்டியது.

கூரைவேலை: 1500, 4 வீல். 10 போல்ட். ஸ்டிக்கரில் ஜிடி4, ஜி80 இரண்டும் இருக்கிறது. ஆனால் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. அப்போ லாக்கர் இல்லைத்தானே?

வடக்குவீதி: அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஈட்டன் லாக்கர் இரண்டு சக்கரத்துக்கும் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தால்தான் பூட்டும், கையால் சுற்றும்போது சாதாரண டிஃப் (இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) மாதிரித்தான் நடக்கும்.

பனிக்காலம்: லாக்கர் என்றால் ஆயிலோடு அந்த ஃப்ரிக்‌ஷன் சேர்மானமும் ஒரு போத்தல் ஊற்ற வேண்டும், மறக்காதீர்கள்.

பழைய_ஸ்பேனர்: ஊற்றவே கூடாது. லாக்கருக்குள் இருக்கும் கிளட்ச் பிடித்தால்தான் பூட்டும், அந்தச் சேர்மானத்தால் வழுக்க விட்டால் எப்படிப் பிடிக்கும்? 75டபிள்யூ-90 சிந்தெடிக் மட்டும் போதும்.

பனிக்காலம்: நான் எட்டு வருடமாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழைய_ஸ்பேனர்: உங்களுடையது ஃபோர்ட் அண்ணை. அது வேறு டிஃப்.

வடக்குவீதி: அதை விடுங்கோ. கூரைவேலை, ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள், 20 வருட வண்டி, யாரும் மாற்றியிருக்கலாம். பின் ஆக்ஸிலுக்கு வரும் நீள ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றதற்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கோ. ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. மூன்றரைக்குக் கொஞ்சம் குறைந்தால் 3.42, மூன்றேமுக்கால் கிட்ட என்றால் 3.73.

கூரைவேலை: மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. நம்பாமல் மூடியைக் கழற்றினேன். ஆயில் சாம்பல் நிறத்தில் மினுங்குகிறது, அடியில் காந்தத்தில் இரும்புத் தூள் சேறு மாதிரி ஒட்டியிருக்கிறது, சுரண்டினால் ஊசி ஊசியாக வருகிறது. பெரிய கியரின் ஓரத்தில் 41 12 என்று அடித்திருக்கிறது. 3.42 வாங்கட்டுமா?

வடக்குவீதி: வேண்டாம்! அது கியர்களின் பல் எண்ணிக்கை. 41ஐ 12ஆல் பிரித்தால் 3.42, ஸ்டிக்கர் 3.73. முன் ஆக்ஸில் ஒரிஜினல் என்றால் அது 3.73ஆகத்தான் இருக்கும். முன்னும் பின்னும் வேறு ரேஷியோவோடு 4 வீல் போட்டால் ஒன்றையொன்று இழுத்து ட்ரான்ஸ்ஃபர் கேஸை (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) உடைக்கும். 4 வீல் போட்டபோது ஏதாவது தெரிந்ததா?

பழைய_ஸ்பேனர்: நல்ல கேள்வி. நான் அதைக் கவனிக்கவில்லை.

கூரைவேலை: வாங்கிய பிறகு ஒரே தடவைதான் போட்டேன், போன மாசி மாதம். யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது மாதிரி இருந்தது, பனி என்று நினைத்தேன்.

வடக்குவீதி: இனிப் போடாதீர்கள். 3.73 எடுங்கோ, யாட்டில் அந்த வண்டியின் ஸ்டிக்கரை மட்டும் பார்க்காமல் மூடியைக் கழற்றி 41 11 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கோ.

பனிக்காலம்: பேரிங்கையும் ஒருக்கால் பாருங்கோ.

கூரைவேலை: 41 11 கிடைத்தது. போட்டாச்சு, சத்தம் இல்லை. நன்றி அண்ணை.