மடிப்பாக்கம் போர் தண்ணீருக்கு எந்த கீசர் தாங்கும்?

மடிப்பாக்கம்வாசி:
அம்மாவுக்கு 74 வயது. முட்டிவலி இருப்பதால் மார்கழி மட்டுமல்ல, மழை பெய்தாலே வெந்நீர் வேண்டும். பழைய 15 லிட்டர் கீசர் நான்காம் ஆண்டிலேயே ஒழுகிவிட்டது. கழற்றினால் அடியில் முட்டை ஓடு போல வெள்ளைச் செதில், இரண்டு கை நிறைய! குளிக்கப் போர் தண்ணீர்தான். மொட்டை மாடியில் சோலார் வைக்க எங்களுக்கு இடமில்லை. கடைக்காரர் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போதும் என்கிறார். மைத்துனர் கேஸ் கீசர்தான் சிக்கனம் என்கிறார். எதை வாங்குவது?

அம்பத்தூர் எலெக்ட்ரீஷியன்:
சகோதரி, கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். காற்றோட்டமில்லாத அறையில் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உள்ளே தாழிட்டுக் குளிக்கும் வயதானவர் மயங்கி விழுந்தால் வெளியே யாருக்குத் தெரியும்?

இன்ஸ்டன்ட் 3000 வாட் இழுக்கும். பாத்திரம் கழுவ நல்லது. வாளி நிறையப் பிடித்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

மறுபடியும் 15 லிட்டர், 2000 வாட் கீசரே வாங்குங்கள். 28 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 55 டிகிரிக்கு வர ஏறத்தாழ 15 நிமிடம், அரை யூனிட் மின்சாரம். பச்சைத் தண்ணீர் கலந்தால் அம்மாவுக்குத் தாராளம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்கு மேல் திருகாதீர்கள். சூடு ஏற ஏற உப்பு அதிகம் படியும்.

உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். தொட்டி அரிக்காமலிருக்க அது தான் கரைந்துகொண்டே போகும். அது தீர்ந்த பிறகுதான் தொட்டியில் ஓட்டை விழுகிறது. போர் தண்ணீர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இந்த மூன்றும் இல்லாமல் ஸ்விட்சைப் போடாதீர்கள்.

திருவல்லிக்கேணி தாத்தா:
எங்கள் வீட்டுச் செப்பு பாய்லரில் நடுக்குழாயில் கரியும் சிரட்டையும் போட்டு எரிப்போம். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. அந்த வெந்நீரின் இதம் வேறெதிலும் இல்லை. ஆனால் மாடி வீட்டில் புகைக்கு வழி ஏது? தம்பி சொல்வதைக் கேளுங்கள் அம்மா.

மடிப்பாக்கம்வாசி:
இருவருக்கும் நன்றி. பழைய கீசரில் அந்தக் கம்பியைத் தேடினேன். ஊசி போல ஒரு முனைதான் மிச்சம். நான்கு வருடத்தில் எங்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை. கம்பி மட்டும் தனியாகக் கிடைக்குமா?

அம்பத்தூர் எலெக்ட்ரீஷியன்:
கிடைக்கும். மாற்றும்போது பழைய கம்பியைக் கையோடு கொண்டுபோங்கள். நீளமும் மரையும் பொருந்த வேண்டும்.