புதுப்பிப்பு: பவர் பேங்கும் வில்லுப்பாட்டுப் பதிவும்

துபாயிலிருந்து ஊருக்கு வருமுன் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன்: 20,000 எம்ஏஎச் பவர் பேங்கை விமானத்தில் கொண்டுவரலாமா, புதிதாக வாங்கிய சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின் வில்லுப்பாட்டைப் பதிய முடியுமா? இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

பவர் பேங்கில் சிக்கல் இல்லை. 3.7 வோல்ட் கணக்கில் அதன் ஆற்றல் 74 வாட் மணி, விமானத்தில் வரம்பு 100. ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் உடனே அணைக்க அங்கே ஆள் கிடையாது. திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் பஸ் பிடித்தேன்.

முதல் இரவுப் பதிவு பாழாகிவிட்டது. கருவி ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பில் இருந்தது. குடத்தில் அடி விழும்போதெல்லாம் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. அடுத்த நொடி தலைமைப் பாடகரான புலவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. உடுக்கையின் குழைவு இல்லை, வில்லில் கட்டிய மணிகளின் சிலிர்ப்பும் இல்லை. மனம் நொந்துபோனேன்.

மறுநாள் அந்த அமைப்பை அணைத்து, உச்ச ஒலி கருவியின் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் (பூஜ்ஜியத்தைத் தாண்டினால் ஒலி சிதையும்) தாண்டாதபடி அளவைக் கையால் வைத்தேன். ஒலிபெருக்கியை விட்டு விலகி, குடம் அடிப்பவருக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்தேன். பக்கப்பாட்டுக்காரர் சொல்லும் ஒவ்வொரு ‘ஆமா’வும் தெளிவாக விழுந்திருக்கிறது! நடக்க முடியாததால் கொடைக்கு வராத பாட்டியிடம் நேற்று போட்டுக் காட்டினேன், விடியும்வரை கேட்டார்.