50 ஹெர்ட்ஸைத் தாண்டினால் மோட்டார் நின்றுவிடுகிறது: ஃபில்டர் பாயிண்ட் பம்பில் வி.எஃப்.டி. குறித்து உதவி தேவை

கேள்வி: விவசாயி, மன்னார்குடி வட்டம்

வணக்கம். மேட்டூர் நீர் கடைமடைக்கு வந்து சேருமுன் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டியுள்ளது. எனவே ஃபில்டர் பாயிண்ட் (வடிகட்டியுடன் மணற்படுகையில் இறக்கிய குழாய்க்கிணறு) பம்பின் 7.5 குதிரைத்திறன், 415 வோல்ட், 1440 சுற்று மோட்டாருக்கு வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்தி, 60 ஹெர்ட்ஸ் வரை ஓட்ட எண்ணினேன். 50 ஹெர்ட்ஸில் 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், 55-ஐ நெருங்கும்போது 12.5 ஆம்பியரைத் தாண்டி, ஓவர்லோட் காட்டி நின்றுவிடுகிறது. பெயர்ப்பலகையில் 11 ஆம்பியர் என்றுள்ளது. 52-க்கு மேல் தண்ணீரும் கூடவில்லை. பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கிறது. ஓவர்லோட் அளவை 15 ஆம்பியராக உயர்த்தலாமா?

மறுமொழி: நெல் ஆலை மின் பராமரிப்பாளர், கும்பகோணம்

தயவுசெய்து உயர்த்தாதீர்கள் ஐயா. சுருள் எரியாமல் இப்போது காத்து நிற்பது அந்த அளவுதான்.

உங்கள் மோட்டாருக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட் வீதம் கிடைத்தால்தான் அதன் காந்தப்புலம் முழுமையாக இருக்கும். வி.எஃப்.டி. தனக்கு வரும் மின்னழுத்தத்தைவிட அதிகமாக வெளியே தர இயலாது என்பதால், 60 ஹெர்ட்ஸில் அந்த வீதம் 6.9 ஆகிவிடும். காந்தப்புலம் ஏறத்தாழ 83 விழுக்காடாகவும், மோட்டார் தாங்கக்கூடிய உச்சத் திருப்புவிசை 69 விழுக்காடாகவும் இறங்கும். வேகம் கூடினாலும் மோட்டாரின் குதிரைத்திறன் கூடுவதில்லை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இவ்வகை மோட்டார்கள் சாதாரணமாகவே ஓடுகின்றன. ஆகவே அந்த வேகத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, கவனிக்க வேண்டியது சுமையை. எங்கள் ஆலையில் நெல் ஏற்றும் எலிவேட்டரை 55 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறோம்; அந்த மோட்டாரில் திறன் மிச்சமிருப்பதால் அது இயலுகிறது.

மறுமொழி: பம்பு பழுதுபார்ப்பவர், திருவாரூர்

எலிவேட்டரையும் பம்பையும் ஒன்றாகக் கருத இயலாது. எலிவேட்டருக்கு வேகம் 10 விழுக்காடு கூடினால் திறனும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். மையவிலக்குப் பம்புக்கோ வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பத் திறன் தேவைப்படும். 55 ஹெர்ட்ஸில் அது 1.33 மடங்கு, 60-இல் 1.73 மடங்கு, அதாவது 7 குதிரைத்திறன் கேட்ட பம்பு 12 கேட்கும்.

சத்தம் தனிப் பிரச்சினை. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, நீரிலேயே ஆவிக்குமிழ்கள் தோன்றி இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) உடைகின்றன. தொடர்ந்தால் இம்பெல்லர் அரிக்கப்படும். உறிஞ்சுகுழாயில் வெற்றிடமானி பொருத்தி 50 ஹெர்ட்ஸில் என்ன காட்டுகிறது என்றும், அந்த நேரத்து மின்னழுத்தம் எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

கேள்வியாளர்

வெற்றிடமானி 560 மில்லிமீட்டர் காட்டுகிறது. மின்னழுத்தம் 385 வோல்ட். பம்பை நிறுத்திவைத்துப் பார்த்ததில் குழாயில் நீர்மட்டம் பம்பிலிருந்து 4 மீட்டர் கீழே இருக்கிறது.

மறுமொழி: பம்பு பழுதுபார்ப்பவர், திருவாரூர்

560 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 7.6 மீட்டர் நீர் உறிஞ்சலுக்குச் சமம். மேற்பரப்புப் பம்பு நடைமுறையில் எட்டக்கூடிய எல்லை அதுதான். நிலைநீர் 4 மீட்டரில் இருக்கும்போது மீதி 3.6 மீட்டர், ஃபில்டரின் அடைப்பிலோ குறுகிய குழாயிலோ மணற்படுகை நீர்விடும் வேகத்திலோ போகிறது. இந்நிலையில் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கூடுதல் தண்ணீர் வராது. முதலில் கம்ப்ரசர் வைத்து ஃபில்டரைச் சுத்தம் செய்து, மானியை மீண்டும் பாருங்கள். அளவு இறங்காவிட்டால் உறிஞ்சுகுழாயின் விட்டத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது இன்னொரு ஃபில்டர் பாயிண்ட் இறக்கி இரண்டையும் இணையுங்கள்.

மறுமொழி: நெல் ஆலை மின் பராமரிப்பாளர், கும்பகோணம்

385 வோல்ட்டில் முழுக் காந்தப்புலம் 46 ஹெர்ட்ஸ் வரைதான் கிடைக்கும். 50-இலேயே மோட்டார் சற்று வலுவிழந்துதான் ஓடுகிறது. வி.எஃப்.டி.யில் உச்ச அதிர்வெண்ணை 50 என்றும், ஓவர்லோடை 11 ஆம்பியர் என்றும் வைத்துவிடுங்கள். சுத்தம் செய்தபின் நீர் பெருகினால் பம்பின் சுமையும் கூடும். அப்போது ஆம்பியரைப் பார்த்து, 11-ஐ மீறினால் 48-க்கு இறக்குங்கள்.