கண்டனூர் வளவு வீட்டு வாட்ஸ்அப் குழு

உமையாள்: கதிருக்கு இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு, ஜேஇஇ மெயின் ரிசல்ட் வந்துவிட்டது. 96.1. எல்லோரும் ஆசீர்வாதம் பண்ணுங்கள்.

ஆத்தா: நூற்றுக்கு 96ஆ! பிள்ளையார்பட்டிக்கு மோதகம் நேர்ந்திருக்கிறேன்.

பழனியப்பன்: ரொம்ப சந்தோஷம் உமையா.

சோலையப்பன்: மார்க் எவ்வளவு ஆச்சி?

உமையாள்: 141.

சோலையப்பன்: எங்கள் அருணுக்கு 149. ஆனால் 95.6தான் போட்டிருக்கிறான். எட்டு மார்க் கூடுதலாக எடுத்தவனுக்குக் குறைவா? ரிசல்டே தப்பு.

உமையாள்: ஆரம்பித்துவிட்டாயா சோலை.

மெய்யப்பன்: ரிசல்ட் தப்பில்லை அண்ணே. அந்த 96 மார்க் இல்லை, பெர்சன்டைல். 75 கேள்வி, 300 மார்க். சரியான பதிலுக்கு 4, தப்புக்கு 1 குறையும். ஆனால் எல்லோருக்கும் ஒரே தாள் கிடையாது. பல நாள் நடக்கிறது, காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட், ஒவ்வொன்றுக்கும் தனித் தாள். ஒன்று கடினமாக இருக்கும், ஒன்று லேசாக இருக்கும். அதனால் மார்க்கை அப்படியே ஒப்பிட மாட்டார்கள். அந்த ஷிப்டில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அவன் மார்க்கிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள், அதுதான் இந்த எண். கதிருடைய தாளில் 141க்கே அந்த இடம் கிடைத்திருக்கிறது. அருண் தாளில் மற்றவர்களும் நிறைய எடுத்திருக்கிறார்கள்.

பழனியப்பன்: சுருக்கமாகச் சொல் தம்பி.

தெய்வானை: தாள் லேசு என்று அருண் அன்றைக்கே சொன்னான். கேட்டதும் இனிப்பு வாங்கி வந்தது நீங்கள்தான்.

சோலையப்பன்: அதை இங்கே போட வேண்டுமா?

ஆத்தா: அப்போ 96 மார்க் இல்லையா?

மெய்யப்பன்: 300க்கு 141 ஆத்தா.

ஆத்தா: பாதி கூட இல்லையே. சரி, நேர்ந்தது நேர்ந்ததுதான்.

பழனியப்பன்: வளவு வீட்டு ஓடு மாற்ற ஆள் வந்து பார்த்துவிட்டான். இரண்டாம் கட்டு முழுக்க ஒழுகுகிறதாம். செலவில் சோலை பங்கு மட்டும் இன்னும் வரவில்லை.

மெய்யப்பன்: அண்ணே, இதை முடித்துவிடுகிறேன். நூற்றுக்கு நாலு பேர்தானே மேலே என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் எழுதியவர்கள் பன்னிரண்டரை லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கில் 96.1க்கு மேலே ஏறத்தாழ 49 ஆயிரம் பேர் வந்துவிடுவார்கள். ஒரே எண்ணில் பலர் நிற்கக் கூடாது என்றுதான் ஏழு தசம இடம் வரை போடுகிறார்கள். ஏப்ரலில் இன்னொரு தடவை எழுதலாம். இரண்டில் எது அதிகமோ அதுதான் ரேங்குக்கு. குறைந்தால் நஷ்டமே இல்லை.

பழனியப்பன்: ஏப்ரலில் எப்போது?

உமையாள்: முதல் பத்து நாளுக்குள் இருக்கும் என்கிறார்கள் அண்ணே.

பழனியப்பன்: என் அறுபதாம் கல்யாணச் சாந்தி பங்குனி கடைசியில். திருக்கடையூரில் சொல்லியாயிற்று.

தெய்வானை: நட்சத்திரத்தை மாற்ற முடியாதே.

ஆத்தா: மருமகன் இல்லாமல் அம்மானுக்குச் சாந்தியா?

கதிர்: எனக்கு எழுத வேண்டும் அம்மான். கெமிஸ்ட்ரியில் தெரியாததையெல்லாம் குத்துமதிப்பாகப் போட்டேன். விட்டிருந்தால் அந்த மார்க் போயிருக்காது.

சோலையப்பன்: எதற்கு அலைச்சல்? காரைக்குடியிலேயே அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது.

மெய்யப்பன்: அதற்கு ஜேஇஇயே வேண்டாம். பிளஸ் டூவில் கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். நாங்கள் சேரும்போது நுழைவுத் தேர்வும் சேர்த்து 300. 2007இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் மத்திய அரசின் இன்ஜினியரிங் கல்லூரியான திருச்சி என்ஐடிக்கு ஜேஇஇதான் வழி. அங்கே பாதி இடம் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. பையன் ஆசைப்படுகிறான், எழுதட்டும். வேறு வேறு தாள் எழுதிய இரண்டு பிள்ளைகளை மார்க் வைத்து ஒப்பிட்டுப் பேசாதீர்கள், இரண்டு பேருமே நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அருண்: நானும் ஏப்ரலில் எழுதுகிறேன். யாரும் கேட்கவே இல்லை.

தெய்வானை: அப்பாவிடம் சொன்னாயா?

அருண்: இப்போது பார்த்திருப்பார்.

பழனியப்பன்: சரி, வேன்காரரிடம் எத்தனை பேர் என்று சொல்லட்டும்?

உமையாள்: ஹால் டிக்கெட் வரட்டும் அண்ணே. நாள் தெரிந்துவிடும்.

ஆத்தா: மோதகத்துக்கு வெல்லம் யார் வாங்கி வருகிறீர்கள்?

சோலையப்பன்: ஓடு மாற்றும் காசு நாளைக்கு அனுப்புகிறேன் அண்ணே.

பழனியப்பன்: போன மாதமும் இதையேதான் சொன்னாய்.